வீட்டுக்குள் ஒரு தெள்ளுப் பண்ணை, தெரியுமா?

ஆடு போனாலும் அதைக் கடித்த பூச்சியின் தடம் போகாது, தெரியுமா? ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் தோல் தரம் பிரிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்! உண்ணியும் பேனும் கடித்த வடு, அரிப்புத் தாங்காமல் ஆடு சுவரில் உராய்ந்த கீறல், எதுவுமே மயிர் இருக்கும்வரை தெரியாது. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை எடுத்ததும் புள்ளி புள்ளியாக வெளியே வந்துவிடும். அந்தத் தோலுக்கு விலை இறங்கிவிடும்.

அதே ஒட்டுண்ணிக் கூட்டத்தின் இன்னொரு ஆள்தான் உங்கள் நாயை ராத்திரியெல்லாம் சொறிய வைக்கும் தெள்ளு. (உண்ணிக்கு எட்டுக் கால், மெல்ல ஊரும், சுவரேறும். தெள்ளுக்கு ஆறு கால், தாவும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

நாயின் மேல் இருப்பது பெரும்பாலும் நாய்த் தெள்ளே அல்ல! உலகம் முழுக்க நாய்களைக் கடிப்பது பூனைத் தெள்ளுதான். நம் நாட்டில் அதன் நெருங்கிய உறவான ‘ஓரியண்டிஸ்’ என்ற இனமும் சேர்ந்துகொள்கிறது. அது நாயிலும் இருக்கும், ஆட்டிலும் இருக்கும். பக்ரீத்துக்கு முன்பே ஆடு வாங்கி வாசலில் கட்டி வளர்க்கிற ஊர்களில் ஆட்டிலிருந்து நாய்க்கு, நாயிலிருந்து பாய்க்கு என்று அது வீட்டுக்குள் வந்துவிட எவ்வளவு நேரமாகும்?

தெள்ளு தாவும்போது அதன் உடம்பு தாங்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 100 மடங்குக்கும் மேல்! ராக்கெட்டில் புறப்படும் விண்வெளி வீரர் தாங்குவது மூன்று, நான்கு மடங்குதான். ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதத்தை அமுக்கி வைத்திருந்து சட்டென்று விடுவதுதான் ரகசியம்.

ஆனால் உண்மையான ஆச்சரியம் நாயின் மேல் இல்லை, தரையில் இருக்கிறது. கண்ணில் படும் தெள்ளு மொத்தக் கூட்டத்தில் 100க்கு ஐந்துதான்! மீதி 95ம் முட்டை, புழு, கூட்டுப்புழு. ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40, 50 முட்டைகூடப் போடும். முட்டை ஒட்டாது, உப்புத் தூள் மாதிரி நாய் படுக்கிற இடத்தில் உதிரும். வெளியே வரும் புழு என்ன தின்னும் தெரியுமா? அப்பா அம்மாவின் எச்சத்தை! அதாவது, உங்கள் நாயின் காய்ந்த ரத்தத்தை. சந்தேகமிருந்தால் பேன் சீப்பால் நாயை வாரி, விழும் கருப்புத் தூளை நனைத்த வெள்ளைத் துணியில் போடுங்கள். மண்ணாக இருந்தால் அப்படியே கிடக்கும். தெள்ளு எச்சமாக இருந்தால் துணியில் செம்பழுப்பாக ஊறிப் பரவும்.

புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. கட்டிலடி, தரை விரிசல், சோபா இடுக்கு, பாய்ச் சுருள், வீட்டிலேயே ஷூ அப்பர் தைக்கிற பெண்கள் மூலையில் வைத்திருக்கும் மூட்டையின் அடி, இதெல்லாம் அதற்குத் தோதான இடம். அங்கே பட்டு நூற்றுக் கூடு கட்டும். பிசுபிசுப்பான அந்தக் கூட்டில் தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கே தெரியாது, மருந்தும் உள்ளே இறங்காது. சூழ்நிலை ஒத்துவந்தால் நான்கைந்து மாதம்கூட உள்ளேயே காத்திருக்கும்! காலடி அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று, இவை பட்டால் போதும், நொடியில் வெளியே பாயும். பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் கணுக்கால் முழுக்கக் கடி வாங்குவது இதனால்தான். மருந்தடித்த பத்தாம் நாள் மறுபடி தெள்ளு வந்தால் மருந்து போலி என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள்!

வேலூர் வெயிலைத் திட்டுகிறவர்கள் இதையும் கேளுங்கள். 35 டிகிரிக்கு மேல் நெடுநேரம் காய்ந்தாலோ, காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனாலோ தெள்ளுப் புழு செத்துவிடும். அக்கினி நட்சத்திரத்தில் திறந்த முற்றத்தில் அது தப்புவது கடினம். நிழலான படியடியில் தப்பிவிடும். ஐப்பசி மழை தொடங்கினால் கொண்டாட்டம்தான்! ஆகவே நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி மொட்டை மாடியில் காயப்போடுங்கள். சுவரோரத்தையும் விரிசலையும் நன்றாகப் பெருக்கி, குப்பையைக் கட்டி உடனே வெளியேற்றுங்கள். தரையில் உப்புத் தூவுவதும் சிலர் சொல்லும் வைத்தியம். பச்சைத் தோலை உப்பு காப்பாற்றுகிறதே என்று நினைக்கத் தோன்றும். மழைக்காலத்தில் உப்பே ஈரத்தை இழுத்துக் கசியும், அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஒரு செய்தித்தாள் பூச்சியை முதிரவிடாமல் தடுத்த கதை தெரியுமா? 1960களில் செக் விஞ்ஞானி கரேல் ஸ்லாமா தன் ஆய்வுப் பூச்சிகளை அமெரிக்காவின் ஹார்வர்டுக்குக் கொண்டுபோனார். அங்கே அவை பெரிதாகிக்கொண்டே போயின, ஆனால் முதிர்ந்த பூச்சியாகவே மாறவில்லை! குற்றவாளி, கூண்டில் விரித்த காகிதம். அமெரிக்கச் செய்தித்தாளும் அதே வேலையைச் செய்தது, லண்டன் தாள் செய்யவில்லை. அமெரிக்கக் காகிதம் செய்யப் பயன்பட்ட ஒரு மரத்தில் பூச்சியின் இளமை ஹார்மோனைப் போன்ற பொருள் இருந்ததுதான் காரணம். தெள்ளு முட்டையையும் புழுவையும் முடக்க இன்று தரையில் தெளிக்கும் மெதோப்ரீன், பைரிப்ராக்சிஃபென் வேலை செய்வதும் இதே தந்திரத்தில்தான்.

கடி மட்டும்தானே என்று விடவும் முடியாது. தெள்ளை நாய் கடித்து விழுங்கினால் அதன் வயிற்றில் நாடாப்புழு வளரும், தவறி விழுங்கும் குழந்தைக்கும் வரலாம். எலித் தெள்ளு பரப்பிய பிளேக் 1966இல்கூட, அதிக தூரமில்லை, கர்நாடக எல்லை தாண்டி இருக்கும் முல்பாகலில் பதிவானது!

வீட்டில் இருக்கும் எல்லாப் பிராணிக்கும் ஒரே நேரத்தில், மூன்று மாதமாவது விடாமல் மருந்து கொடுக்க வேண்டும். எது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நாய்க்கு 12 வாரம் வேலை செய்யும் ஃப்ளூராலனர் மாத்திரைகூட வந்துவிட்டது. ஆனால் நாய்க்கான சொட்டு மருந்து பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். பூனைக்கு அதைப் போடவே கூடாது, நாய்க்குப் போட்டாலும் மருந்து காயும்வரை பூனையை அதன் பக்கத்தில் படுக்க விடக் கூடாது.