மோட்டார் சைக்கிளின் மின்கலம்

பொங்கலுக்கு ஊர் சென்று இரண்டு மூன்று வாரம் தங்கித் திரும்புவது வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் பலரின் வழக்கம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பெங்களூரு ஸ்ரீராம்புரத்திலும், சந்துகளில் வாசலையொட்டி நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள் அந்நாள்களில் அசையாமல் கிடக்கும். திரும்பி வந்த மறுநாள் விடியலில் வேலைக்குப் புறப்படும்போது பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டுமே எழும். புதிய மின்கலம் வாங்கிவிடலாம் என்று உடனே தோன்றும். பல வேளைகளில் அச்செலவு வேண்டியதில்லை.

மின்கலம் என்று நாம் எழுதினாலும், மெக்கானிக்கிடம் ‘பேட்டரி’ என்றே கேட்க வேண்டும். தமிழும் கன்னடமும் அச்சொல்லில் ஒன்றுபட்டுவிட்டன.

மைசூரில் 1961 முதல் 1996 வரை உருவான ஜாவா, எஸ்டி வண்டிகளைக் காலால் உதைத்தே கிளப்பினோம். இன்று பல வண்டிகளில் கிக்கரே இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பிடித்துக்கொண்டது. அதன் பெட்ரோல் பம்பு மின்சாரமின்றி இயங்காது. ஆதலின், மின்கலம் அடியோடு வற்றிய வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக் கிளப்ப முயல்வது வீண்.

நிற்கும் வண்டியிலும் கடிகாரம் முதலியன சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அன்றியும், மெஜஸ்டிக் வரை போய்வரும் குறுகிய ஓட்டத்தில், கிளப்பச் செலவான மின்சாரம் முழுதும் மீளாது. இவ்வாறு வற்றிய நிலையில் நெடுநாள் கிடந்தால், உள்ளே ஈயத் தகடுகளில் படியும் ஈய சல்பேட்டு இறுகிவிடும். அதன்பின் மின்னூட்டினாலும் பயன் குறைவே.

மின்கலம் இருக்கையின் அடியிலோ பக்கவாட்டு மூடியின் பின்னோ இருக்கும். வண்டியுடன் வந்த கையேடு இடத்தைக் காட்டும். முதலில் சாவியை அணைத்து எடுத்துவிடுக. முனைகள் தளர்ந்திருக்கின்றனவா, வெண்பொடி பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வேளை குறை அதுவாகவே இருக்கும். கழற்றுங்கால் எதிர்முனையை முதலிலும் நேர்முனையைப் பின்னரும் கழற்ற வேண்டும். வண்டியின் சட்டம் எதிர்முனையோடு இணைந்தது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது நேர்முனையே முதல்.

சந்தின் குறுக்கே மின்கம்பி இழுக்க வேண்டாம். மின்கலத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து மின்னூட்டலாம். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படக்கூடும். ஆகவே அடுப்பும் பூஜை விளக்கும் அருகில் இருத்தலாகாது. குழந்தைகள் எட்டாத இடமாகவும் இருக்கட்டும்.

மின்னோட்டம், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு போதும்: 8 ஆம்பியர்-மணி மின்கலத்துக்கு 0.8 ஆம்பியர். காருக்குரிய பெரிய சார்ஜர் இதனைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் சிறு சார்ஜரே நல்லது. மூடி முத்திரையிட்ட வகையை நெம்பித் திறந்து நீர் ஊற்றலாகாது. லித்தியம் வகையாயின் அதற்கென்றே அமைந்த சார்ஜர் வேண்டும்.

மின்னூட்டி முடித்துச் சில மணி நேரம் ஓய்வு தந்தபின் மல்டிமீட்டரால் அளந்து பார்க்கலாம். உள்ளே 6 அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆகவே 12.6 வோல்ட்டோ சற்று மேலோ காட்டினால் நிறைவு. மறுநாளே 12.4க்குக் கீழ் இறங்கினால் மின்கலம் மூப்படைந்தது எனலாம். அப்போது புதியது வாங்குவதே முறை. பழையதைக் குப்பையில் எறியாது கடையில் ஒப்படைக்க வேண்டும், அதன் ஈயம் மீண்டும் பயன்படும்.

அடுத்த முறை ஊருக்குப் புறப்படுமுன் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்துச் செல்லலாம். திரும்பி வந்ததும் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள நேரிடும், அவ்வளவே.