ஈறில் கசியும் இரத்தம்

காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போது எச்சிலுடன் சிறிது இரத்தம் கலந்து வருகிறது. "உடம்பில் சூடு ஏறிவிட்டது, எண்ணெய் தேய்த்துக் குளி" என்கிறார் பாட்டி. "பிரஷ் முரடாயிருக்கும், அந்த இடத்தில் படாமல் துலக்குங்கள்" என்கிறார் இல்லத்தரசி. குடும்பத் தலைவரும் அவ்வாறே செய்கிறார். வலி இல்லை, ஆகவே கவலையும் இல்லை. ஆண்டுகள் பல உருண்டோடிய பின் ஒருநாள், முறுக்கைக் கடிக்கையில் முன்பல் ஆடுகிறது. அப்போதுதான் பல் மருத்துவரின் நினைவு வருகிறது.

நம் இல்லங்கள் பலவற்றிலும் நடப்பது இதுவே. 'பல் போனால் சொல் போச்சு' என்பதை அறிந்தவர்கள்தாம் நாம். எனினும், பல்லைத் தாங்கி நிற்கும் ஈற்றைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

நோய் தொடங்கும் விதம்

பல்லின் மேல் எந்நேரமும் நுண்ணுயிர்கள் சேர்ந்து, வழுவழுப்பான மெல்லிய படலமாகப் படிகின்றன. நாள்தோறும் துலக்கி அகற்றினால் அதனால் கேடில்லை. ஈற்றின் ஓரத்திலும் பல்லிடுக்கிலும் அது தங்கிவிட்டால் ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டால் இரத்தம் கசிகிறது. இது முதல் நிலை. இந்நிலையில் நோயை முழுவதும் குணப்படுத்திவிடலாம்.

அகற்றப்படாத படலம், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் இறுகிக் காரையாகிறது. காரை படிந்தபின் எந்தப் பிரஷ்ஷாலும் அதைப் பெயர்க்க இயலாது. அழற்சி ஆழமாகப் பரவும்போது ஈறு பல்லை விட்டு விலகி, இடையே பை போன்ற பள்ளம் உண்டாகிறது. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. நம் பெரியவர்கள் 'பயோரியா' என்று அஞ்சியது இந்த இரண்டாம் நிலையைத்தான். இவ்வாறு கரைந்த எலும்பு பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை. மேலும் கரையாமல் தடுப்பதே மருத்துவத்தின் முதல் நோக்கம்.

ஆய்வுகள் காட்டிய உண்மை

1965-ல் டென்மார்க் நாட்டில் ஹரால்ட் லோ என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினர். நல்ல ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது மறைந்தது. ஈறு இரத்தம் கசிவதற்குத் தலையாய காரணம் உடல் சூடன்று, பல்லில் தங்கும் படலமே என்பது இதனால் தெளிவாயிற்று.

அதே அறிஞர் 1970-ல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில், தொழிலாளரான 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்தார். அவர்கள் தமிழர்கள், பல் மருத்துவத்தையே அறியாதவர்கள். தொடர்ந்து 15 ஆண்டுகள் நடந்த இந்த ஆய்வின் முடிவு 1986-ல் வெளிவந்தது. ஏறத்தாழ எல்லாருக்கும் ஈறு அழற்சி இருந்தது. 11 விழுக்காட்டினருக்கு அது முதல் நிலையைத் தாண்டவில்லை. 81 விழுக்காட்டினருக்கு எலும்பைத் தாக்கி மெல்ல முற்றியது. எஞ்சிய 8 விழுக்காட்டினரோ இருபது வயதிலேயே பற்களை இழக்கத் தொடங்கி, 45 வயதில் ஒன்றும் மிஞ்சாமல் இழந்தனர்.

யார் எந்த வகையினர் என்று தம் ஈற்றைக் கண்ணாடியில் பார்த்து எவரும் கூறிவிட முடியாது. ஆகவேதான் மருத்துவரின் பரிசோதனை இன்றியமையாததாகிறது.

பல் மருத்துவரின் அறையில்

அங்கு அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கருவியொன்றை ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாகச் செலுத்தி, மருத்துவர் ஆழத்தை அளக்கிறார். மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அதற்கு மேற்பட்டால் நோய் ஆழ்ந்திருக்கலாம். எலும்பின் நிலையை எக்ஸ்ரே படம் காட்டுகிறது.

பின்னர், அதிரும் கருவியாலும் கைக்கருவிகளாலும் காரையைப் பெயர்த்தெடுக்கிறார். பள்ளம் ஆழமாயிருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, ஈற்றின் கீழுள்ள வேர்ப்பகுதியையும் சுத்தம் செய்கிறார். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்து பார்க்கிறார். பள்ளம் குறையாத இடங்களில் மட்டும் சிறிய அறுவை தேவைப்படலாம். நீரிழிவு, இதய நோய், கர்ப்பம், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

"சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்ற அச்சம் நம்மிடையே பரவலாக உண்டு. உண்மையில், எலும்பு கரைந்ததால் முன்னரே ஆடத் தொடங்கிய பல்லைக் காரை மறைத்துப் பிடித்திருந்தது. காரை நீங்கியதும் ஆட்டம் வெளிப்படுகிறது, அவ்வளவே. சில நாள்கள் பல் கூசலாம், பல்லிடுக்கு அகன்றது போல் தோன்றலாம். வீக்கம் வற்றியதால் விளைவது அது. இந்த அச்சத்தால் காலம் தாழ்த்துவோரே பல்லை இழக்கின்றனர்.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

மருத்துவர் ஆண்டில் ஓரிரு முறைதான் சுத்தம் செய்வார். மற்ற நாள்களில் அப்பொறுப்பு நம்முடையதே. காலையிலும், இரவு உறங்குமுன்னும், மென்மையான பிரஷ்ஷால் இரண்டு நிமிடம் துலக்குக. பிரஷ்ஷின் இழைகள் ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சற்றுச் சாய்வாகப் படட்டும். பல்லிடுக்குகளுக்கு அதற்குரிய சிறு பிரஷ்ஷோ நூலோ வேண்டும். இரத்தம் வரும் இடத்தை விலக்காமல், அங்கேதான் மென்மையாகவும் தவறாமலும் துலக்க வேண்டும். ஓரிரு வாரத்தில் கசிவு நிற்காவிடில் மருத்துவரை நாடுக.

'ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி' என்ற முன்னோர், நாள்தோறும் பல் துலக்கும் பழக்கத்தையே வலியுறுத்தினர். ஆனால் செங்கல் தூளும் அடுப்புக் கரியும் பல்லைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடி வாய்க்கு நஞ்சு. புகைப்பவர்க்கு ஈறு நோய் முற்றியும் இரத்தம் அதிகம் கசியாதிருக்கலாம்; அதனால் நோய் மறைந்தே வளரும். நீரிழிவு கட்டுக்குள் இல்லாவிடில் ஈறு நோய் விரைந்து முற்றும். முற்றிய ஈறு நோயோ இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். கருவுற்ற பெண்களுக்கு ஈறு எளிதில் வீங்கும். அதை "மசக்கையின் கோளாறு" என்று விட்டுவிடலாகாது.

பிள்ளைகள் நாம் சொல்வதைக் காட்டிலும் செய்வதையே பார்த்துக் கற்பவர்கள். இரவு உணவுக்குப் பின் தந்தை பிரஷ்ஷை எடுத்தால், மகனும் எடுப்பான். நாளைக் காலை வாய் கொப்பளிக்கும்போது ஒரு கணம் கவனியுங்கள். சிவப்பு தெரிந்தால், அது வலியின்றி வந்திருக்கும் எச்சரிக்கை. வலி வரும்வரை காத்திராமல், பல் உறுதியாக இருக்கும்போதே மருத்துவரின் வாயிற்படி ஏறுவோம்.