குடும்பத்துக்கேற்ற பாய்ப்படகு

விருத்தாசலத்தாருக்குப் பாய்ப்படகைப் பற்றிப் பேச என்ன உரிமையென்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நம்மூர் பீங்கான் சூளைகளாற் பேர் பெற்றதேயன்றிக் கடலாற் பேர் பெற்றதன்று. ஆயினும், ஊரையடுத்து ஓடும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையிற் கடலை அடைகின்றது. ஆறு போம் வழியே மனமும் போதல் இயல்பாகலின், மனைவி மக்களுடன் கடலிற் சென்று இரண்டொரு நாள் தங்கி மீள விரும்பும் ஒருவர் எத்தகைய படகைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

படகு வாங்கப் போவோர் முதலிற் கேட்பன, இஃது எவ்வளவு விரைந்து செல்லும், எத்தனை பேர் படுக்கலாம் என்பனவே. நாம் முதலிற் கேட்கத்தக்கது வேறு. படகோட்டுந் தந்தை காய்ச்சலாற் படுத்துவிட்டாலும், கால் இடறிக் கடலில் வீழ்ந்துவிட்டாலும், எஞ்சி நிற்குந் தாயும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அப்படகை நிறுத்தவும் திருப்பவும் வல்லரோ? வல்லரல்லராயின், அப்படகு எத்துணை அழகியதாயினும் குடும்பப் படகு ஆகாது. அதிலுள்ளாருள் வலியாரைக் கொண்டன்று, மெலியாரைக் கொண்டே அதன் அளவைத் துணிதல் வேண்டும்.

இனி, படகு கவிழாது நிற்கும் வகையைச் சிறிது விளக்குவோம். பீங்கான் தட்டொன்றையும் அடி கனத்த தஞ்சாவூர்ப் பொம்மையொன்றையும் நினைத்துக்கொள்க. நீரில் மிதக்குந் தட்டு தன் அகலத்தால் எளிதிற் சாயாது; ஆயின் ஒருமுறை கவிழ்ந்ததேல் தானே நிமிராது. பொம்மையோ விரலால் தொட்டாலும் சாயும்; தரையோடு தரையாய்க் கிடத்தினும் எழுந்து நிற்கும். படகிலும் இவ்விரு சாதி உண்டு. அடிமரத்தில் ஈயமோ இரும்போ பொருத்தி, முழு நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை அடியிலே வைத்த படகு பொம்மையினத்தைச் சேர்ந்தது. இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாய் இணைத்த படகு தட்டினத்தைச் சேர்ந்தது. இவ்விரட்டைப் படகுக்கு மேனாட்டார் ‘கட்டமரான்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் பரதவரது கட்டுமரத்தின் பெயரே கடல் கடந்து சென்று, வேறொரு பொருளுக்கு உரியதாகிவிட்டது! சொல்லாராய்ச்சி செய்வார்க்கு இஃதொரு விருந்து. இரட்டைப் படகிற் குழந்தைகள் உருளாது உறங்குவர். தேநீர்க் கிண்ணமும் சிந்தாது. பெரியவை கவிழ்தல் அரிதென்பதும் மெய்யே. எனினும், திறந்த வங்கக் கடலுக்கு நாம் பொம்மையினத்தையே விரும்புவோம். தேநீர் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பாய். காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின்மேல் அதன் தாக்குதல் நான்கு மடங்காகும். காலையில் இனிதாய் இழுத்த அதே பாய், மாலையில் மழைக்காற்று எழுந்தவுடன் படகையே புரட்டப் பார்ப்பது இதனாலேயே. ஆகவே, பாயை எவ்வளவு உயர ஏற்றலாம் என்பதைவிட, எவ்வளவு விரைவில் இறக்கலாம், சுருக்கலாம் என்பதே பெரிது. ஒரே பெரும் பாயினும் இரண்டு மூன்று சிறு பாய்கள் நல்லன. ஒவ்வொன்றையும் தனியொருவர் அடக்கலாம். கயிறுகள் யாவும் சுக்கானருகே வந்து சேர்வது இன்னும் நன்று. அலையாடும் மேற்றளத்தில் தாய் நடந்து செல்ல வேண்டுவதில்லை.

இதற்குச் சிறந்த சான்று ஜோஷுவா ஸ்லோகம் என்னும் மாலுமியின் வரலாறு. இவர் 1895 முதல் 1898 வரை ‘ஸ்ப்ரே’ என்னும் படகில் தனியே உலகைச் சுற்றியவரென்பது பலரும் அறிந்தது. பலர் அறியாதது, அதற்கு முன் அவர் தம் குடும்பத்துக்கென்றே ஒரு படகு கட்டினார் என்பது. பிரேசில் நாட்டுக் கரையில் தமது கப்பல் உடைந்துபோக, மனைவியோடும் மைந்தர் இருவரோடும் ஊர் திரும்ப வழியின்றி நின்ற அவர், 35 அடி நீளமுள்ள படகொன்றைக் கட்டி, 1888-ஆம் வருஷம் மே மாதம் 13-ஆம் நாள் நீரில் இறக்கினார். அந்நாட்டில் அடிமைகள் விடுதலை பெற்ற நாளும் அதுவே. ஆதலின் படகுக்கு ‘லிபர்டாட்’, அஃதாவது விடுதலை, என்று பெயரிட்டார். பாய்களைத் தைத்தவர் அவர் மனைவியார். பாய்களின் அமைப்போ சீனருடையது. குறுக்கே மூங்கிற் சட்டங்கள் கோத்த அப்பாய், ஏற்றுகயிற்றை விட்டதும் விசிறிபோல் மடிந்து கீழே வந்துவிடும். இந்தப் படகில் அக்குடும்பம் கடலில் 55 நாள் ஓடித் தென் கரோலினாக் கரையைச் சேர்ந்தது. பெரிய கப்பல்களை நடத்திய மீகாமன், தம் மக்கள் உயிரை ஒப்படைக்கும்போது, எளிதில் மடியும் சிறு பாய்களையே நம்பினார் என்பது கருதத்தக்கது.

நம்மவரிடத்தும் அரிய பாய்ப்படகுகள் இருந்தன. பாக்கு நீரிணையில் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினப் பக்கங்களில் ஓடிய வத்தையை, சென்னை மாகாண மீன்துறையிற் பணிசெய்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கின்றார். படகின் குறுக்கே நீண்ட பலகையொன்று வெளிநீட்டி நிற்கும். காற்று வலுக்குந்தோறும் ஆட்கள் அதன்மேல் வெளியே நகர்ந்து உட்கார்ந்து, தம் உடற்பாரத்தாலேயே படகை நிமிர்த்துவர். கண்டார் வியக்குந் திறமை அது. ஆனால், வலிய ஆட்கள் பலர் வேண்டும். பாட்டியையும் கைக்குழந்தையையும் அப்பலகையில் ஏற்ற முடியுமோ?

எனினும் வத்தை நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றது. அதன் அடி தட்டையானது. பக்கத்தில் இறக்கி ஏற்றும் பலகைகளைக் கொண்டே அது பக்கவாட்டில் ஒதுங்காது ஓடும். நம் சோழமண்டலக் கரையில் ஆற்று முகங்கள் மணல் மேடிட்டவை. கடலின் ஏற்றவற்றமும் ஏறக்குறைய ஒரு மீட்டரே. மணலில் தட்டிய படகை அடுத்த ஏற்றம் தூக்கிவிடும் என்று காத்திருத்தல் பெரும்பாலும் வீண். ஆறடி ஆழம் வேண்டும் படகு வெள்ளாற்று முகத்துக்கு ஆகாது. மூன்று நான்கடி ஆழத்தில் மிதப்பதாய், அடியிற் பாரமும், நடுவில் ஏற்றியிறக்கத்தக்க பலகையும் உடையதே இக்கரைக்குத் தகும்.

நீளம் 30 அடி போதும். எரிக், சூசன் ஹிஸ்காக் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் 1952 முதல் 1955 வரை உலகைச் சுற்றி வந்த ‘வாண்டரர் 3’ அவ்வளவினதே. 40 அடிப் படகு காண்பதற்கு மாளிகைபோலிருக்கும். பாயும் நங்கூரமும் செலவும் அதற்கேற்பப் பெருகும். உள்ளறையைப் பார்க்குங்கால் அதன் அகலத்தைக் கண்டு மயங்கலாகாது. துறையில் நிற்கையில் விருந்து மண்டபம் போன்று தோன்றும் அறை, அலையில் ஆடுகையில், பற்றிக்கொள்ளப் பிடியின்றி ஒருவரை ஒரு சுவரினின்று மற்றொரு சுவருக்கு எறியும். படுக்கை குறுகியிருத்தல் நலம். அடுக்களை, ஆட்டங் குறைந்த நடுப்பாகத்தில் இருக்கவேண்டும். அடுப்பு ஊஞ்சல்போல் ஆடி எப்போதும் மட்டமாய் நிற்கவேண்டும். சமைப்பவர் வாந்தியெடுக்கும் படகில் இரண்டாம் பிரயாணம் நிகழாது.

காலமும் அறிதல் வேண்டும். வடகிழக்குப் பருவமாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரை குடும்பத்தோடு கடலிற் செல்லல் தகாது. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் நாள் கடலூரருகே கரை கடந்த தானே புயலின்பின் பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு வீழ்ந்து கிடந்ததை நம் ஜில்லாவார் மறவார். பிப்ரவரியும் மார்ச்சுமே ஏற்றவை.

விலை பேசுமுன் ஒரு பரீட்சை செய்க. இளங்காற்று வீசும் ஒரு காலையில் குடும்பத்தார் அனைவரும் மிதவைச் சட்டை அணிந்து ஏறிக்கொண்டு, தந்தை கைகட்டி ஒருபுறம் உட்காரட்டும். வாய் திறத்தலும் ஆகாது. தாயும் மூத்த பிள்ளையும் பாயேற்றிப் புறப்படட்டும். சிறிது தூரம் சென்றபின், யாதொரு முன்னறிவிப்புமின்றி, மெத்தையொன்றைக் கடலில் எறிக. அவ்விருவரும் பாயைத் தளர்த்தி, படகைத் திருப்பி, மெத்தையருகே நிறுத்தி, அதை மேலே எடுத்துவிட்டால் பணத்தைக் கொடுக்கலாம். எடுக்கவில்லையாயின், அந்த மெத்தையின் இடத்தில் தம்மை வைத்து எண்ணிப் பார்த்து, தந்தையார் இரண்டடி குறைந்த வேறொரு படகைத் தேடட்டும்.