பத்து கிலோமீட்டர் வை-ஃபை: தேனியிலிருந்து ஒரு நெட்வொர்க் பாடம்

ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பசங்க என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "அண்ணா, வயர்லெஸ் நெட்வொர்க்ஸ் பேப்பரை எப்படித்தான் படிக்கிறது? பக்கத்துக்குப் பத்து சுருக்கப் பெயர் இருக்கு." அவர்கள் சொல்வதில் தப்பில்லை. சிஎஸ்எம்ஏ, டிடிஎம்ஏ, ஏசிகே, ஸ்லாட் டைம், டைமிங் அட்வான்ஸ் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். மனப்பாடம் பண்ணி எழுதினால் பாஸ் ஆகிவிடலாம். ஆனால் இதெல்லாம் ஏன் இருக்கிறது என்பது கடைசிவரை பிடிபடாது.

நான் சொல்வது ஒன்றுதான். நிஜமாக ஓடிய ஒரு நெட்வொர்க்கை எடுத்துக்கொண்டு, அது எங்கே மக்கர் செய்தது என்று பாருங்கள். பாடப் புத்தகத்தின் பாதி அங்கேயே வந்துவிடும். அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம்ம தேனியே போதும்.

தேனியில் என்ன நடந்தது?

அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கினார் டாக்டர் ஜி. வெங்கடசாமி. பின்னர் தேனியிலும் அவர்களுக்கு ஒரு மருத்துவமனை வந்தது. 2000-களின் நடுவில், தேனியைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறிய கண் பரிசோதனை மையங்களைத் திறந்தார்கள். மையத்தில் டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். கண்ணில் புரை விழுந்த ஒரு பாட்டிக்கு பஸ் செலவு மிச்சம், கூட வரும் மகனுக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

இதற்கு நல்ல வேகமுள்ள இணைப்பு வேண்டும். அப்போது அந்த ஊர்களுக்குக் கேபிள் இழுப்பது கட்டுப்படியாகாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையில் இயங்கிய ஆராய்ச்சிக் குழு ஒரு வழி சொன்னது: சாதாரண வை-ஃபை கார்டு, அதற்கு ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஆன்டெனா, உயரமான கம்பம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கட்டிடத்துக்கு வெளியிலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005-ல் இந்திய அரசு விதி கொண்டுவந்ததும் இந்த மாதிரி முயற்சிகளுக்குத் தோதாக அமைந்தது. தேனி மருத்துவமனையோடு 5 மையங்கள் இணைந்தன. இணைப்புகளின் நீளம் 1 முதல் 15 கிலோமீட்டர் வரை.

வீட்டில் அடுத்த அறைக்கே எட்டாத வை-ஃபை 15 கிலோமீட்டர் எட்டுமா? எட்டும். ஆன்டெனா சக்தியை ஒரே திசையில் குவித்துவிட்டால், நடுவில் மறைப்பு இல்லாவிட்டால், சிக்னல் நன்றாகவே போய்ச் சேரும். (மறைப்பு இல்லை என்றால் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 10 கிலோமீட்டர் இணைப்பில், நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றிச் சுமார் 18 மீட்டர் ஆரத்துக்கு இருக்கும் வெளிதான் ஃப்ரெனல் மண்டலம். அதில் பெரும்பகுதி காலியாக இருக்க வேண்டும். தென்னை வளர்ந்தால் இணைப்பு தேயும்.)

சிக்னல் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் வேகம் வரவில்லை. பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாலாற்றின் இரு கரையில் நின்று பேசினால்

பாலாற்றின் அகலம் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆற்காடு கரையில் நீங்கள், எதிர்க்கரையில் நண்பர். நீங்கள் ஒரு வார்த்தை கத்துகிறீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அவர் காதில் விழ 3 நொடி, அவர் "சரி" என்பது திரும்பி வர இன்னொரு 3 நொடி. நீங்களோ 2 நொடிதான் பொறுப்பீர்கள். "காதில் விழலைபோல" என்று மறுபடி அதையே கத்துவீர்கள். அவர் சொன்ன "சரி" வரும்போது நீங்கள் கத்திக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பேர் குரலும் நன்றாகத்தான் இருக்கிறது, காதும் நன்றாகக் கேட்கிறது. பேச்சு மட்டும் நகராது.

வை-ஃபைக்கும் இதே கதைதான். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எதிர்முனையிலிருந்து ஏசிகே என்ற ஒப்புதல் வர வேண்டும். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் பாக்கெட் தொலைந்ததாக நினைத்து மறுபடி அனுப்பும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். வீட்டுக்குள் பயண நேரம் ஒரு மைக்ரோ விநாடிகூட ஆகாது. 15 கிலோமீட்டருக்குப் போக 50, திரும்பி வர 50, ஆக மொத்தம் 100 மைக்ரோ விநாடி. 802.11பி தரத்தில் ஒரு ஸ்லாட் டைம் வெறும் 20 மைக்ரோ விநாடி. காத்திருக்கும் நேரத்தையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருப்பார்கள்.

சரி, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவிடலாமே? கூட்டலாம். இன்றைக்கு ஓபன்-டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டரில் தூரத்தை மீட்டரில் கொடுத்தால் அதுவே சரிசெய்துகொள்ளும். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்த 100 மைக்ரோ விநாடி வீண். 1500 பைட் பாக்கெட்டை 11 மெகாபிட் வேகத்தில் அனுப்பச் சுமார் 1100 மைக்ரோ விநாடி ஆகும், அதனால் நஷ்டம் பெரிதாகத் தெரியாது. 54 மெகாபிட் வேகத்தில் அதே பாக்கெட் சுமார் 220 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். அப்போது மொத்த நேரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சும்மா காத்திருப்பதிலேயே போகும். வேகமான கார்டு வாங்க வாங்க நஷ்டம் கூடும்.

கேட்டுவிட்டுப் பேசு என்ற விதி உடையும் இடம்

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. வை-ஃபையின் அடிப்படை விதி "முதலில் கேள், அமைதியாக இருந்தால் பேசு" என்பது. இதுதான் சிஎஸ்எம்ஏ. பேசும்போதே மோதலைக் கண்டுபிடிக்க ரேடியோவால் முடியாது. தோல் தொழிற்சாலையில் ஓடுகிற டிரம் பக்கத்தில் நின்றுகொண்டு தூரத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்க முடியுமா? அதுபோல, தன் சக்தியே தன் காதை அடைத்துவிடும். அதனால் பேசுவதற்கு முன் கேட்பதுதான் ஒரே பாதுகாப்பு.

15 கிலோமீட்டரில் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. எதிர்முனை பேச ஆரம்பித்து 50 மைக்ரோ விநாடி கழித்துத்தான் உங்களுக்குக் கேட்கும். அதற்குள் இரண்டரை ஸ்லாட் ஓடிவிட்டது. நீங்கள் கேட்ட அமைதி பழைய அமைதி. கேட்டுவிட்டுப் பேசினாலும் கேட்காமல் பேசினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இப்படிக் கேட்காமலே பேசிய நெட்வொர்க் ஒன்று 1971-லேயே ஹவாயில் ஓடியது. நார்மன் ஆப்ராம்சனின் அலோஹா. அதிகபட்சம் சுமார் 18 சதவீத நேரம்தான் உருப்படியாகப் பயன்படும் என்ற கணக்கைப் பரீட்சைக்குப் படித்திருப்பீர்களே, அதுதான் இது.

பெர்க்லி குழு 2007-ல் வெளியிட்ட வைல்ட்நெட் என்ற தீர்வு இதைத்தான் மாற்றியது. அதே மலிவான கார்டு, மென்பொருள் மட்டும் வேறு. "கேட்டுவிட்டுப் பேசு" என்பதை எடுத்துவிட்டு, "இந்த நேரம் உன் முறை, அடுத்தது என் முறை" என்று பிரித்தார்கள். இதுதான் டிடிஎம்ஏ. பாக்கெட்டுக்கு ஒரு ஒப்புதல் என்பதை விட்டுவிட்டு, ஒரு கட்டுக்கு மொத்தமாக ஒரு ஒப்புதல். பயன்படும் வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது. ஒரே கோபுரத்தில் பல ஆன்டெனா இருந்தால் எல்லாம் ஒன்றாக அனுப்பி ஒன்றாகக் கேட்க வேண்டும் என்ற யோசனையை, கான்பூர் ஐஐடியின் கிராமப்புற வை-ஃபை வேலையிலிருந்து பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005-லேயே வெளியிட்டிருந்தார்கள்.

இதே கேள்வி, வேறு ஊர்களில்

சென்னை ஐஐடியின் டெனெட் குழு, அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி போன்றவர்கள் 1990-களில் உருவாக்கிய கார்டெக்ட் நினைவிருக்கிறதா? மேலூர் பக்கத்துக் கிராமங்களின் இணைய மையங்களில் ஓடியது. அதன் வேர் டெக்ட் என்ற ஐரோப்பியத் தரம். வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் சுற்றும் கம்பியில்லா போனுக்காக எழுதப்பட்டது. அதை 10 கிலோமீட்டருக்கும், நடுவில் ஒரு ரிலே வைத்து 25 கிலோமீட்டருக்கும் கொண்டுபோனார்கள்.

ஜிஎஸ்எம் போனைப் பாருங்கள். தூரத்தில் இருக்கும் போன் கொஞ்சம் முன்கூட்டியே பேச வேண்டும், அப்போதுதான் அதன் முறை வரும்போது சரியாகக் கோபுரத்தை அடையும். அதற்குத்தான் டைமிங் அட்வான்ஸ். மொத்தம் 63 படி, ஒரு படி சுமார் 550 மீட்டர். பெருக்கினால் 35 கிலோமீட்டர். அதற்கு அப்பால் சிக்னல் கிடைத்தாலும் சாதாரண ஜிஎஸ்எம் போன் பேசாது. இரண்டு மார்க் கேள்வியாகப் படித்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது அதே பாலாற்றுக் கதை.

எப்படிப் படிப்பது?

எந்த புரோட்டோகால் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை எழுதியவர்கள் எவ்வளவு தூரத்தை மனதில் வைத்திருந்தார்கள்? யார் எப்போது பேசுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? பதில் வராவிட்டால் என்ன ஆகும்? முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் எங்கேயும் எழுதியிருக்காது, நீங்கள்தான் எண்களிலிருந்து தோண்டி எடுக்க வேண்டும்.

நாலாவதாக ஒன்று, சிலபஸில் இல்லாதது: கரன்ட் எப்படி வருகிறது? தேனி உள்ளிட்ட இடங்களில் கற்றதை அந்தக் குழு 2008-ல் எழுதியபோது அதிகம் பேசியது அல்காரிதத்தைப் பற்றி அல்ல, மின்சாரத்தைப் பற்றி. வோல்டேஜ் ஏறி இறங்கி ரவுட்டர்கள் செத்தன, குறைந்த வோல்டேஜில் தொங்கி நின்றன. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தானாகத் துண்டிக்கும் சர்க்யூட் வைத்த பிறகுதான் நிம்மதி. இணைப்பு விழுந்தால் மையத்தில் காத்திருப்பது பாக்கெட் இல்லை, அந்தப் பாட்டி.

செய்து பார்க்க ஒரு கணக்கு. ஆற்காட்டிலிருந்து வேலூர் கோட்டை நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். அலை போய்வர எத்தனை மைக்ரோ விநாடி? எத்தனை ஸ்லாட்? பிறகு அதே கணக்கை 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கும், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதற்கும் போடுங்கள். விடை வந்ததும், அங்கே "கேட்டுவிட்டுப் பேசு" என்ற விதியை யாருமே ஏன் வைக்கவில்லை என்று தானாகப் புரியும்.