உறை மோர்

டீ ஆறட்டும் தம்பி. வண்டலூர் பூங்காவிலிருந்து தாம்பரம் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாயே, கோலாவுக்கும் லைக்கனுக்கும் என்ன உறவு என்று. அதைச் சொல்கிறேன்.

வயிற்றில் பையுள்ள விலங்கு எதுவும் நம் காடுகளில் கிடையாது. கோலா அப்படிப் பையுள்ள விலங்கு, ஆஸ்திரேலியாவில் மரத்திலேயே வாழ்வது. அது தின்பது யூகலிப்டஸ் இலை. 1843-இல் நீலகிரிக்கு வந்த தைலமரம்தான். அந்த இலையில் நார் மிகுதி, சத்து சொற்பம், கூடவே நஞ்சு. நஞ்சைக் கல்லீரல் முறித்துவிடும். நாரைக் கரைப்பது குடலில் 2 மீட்டர் வரை நீளும் பையில் இருக்கும் நுண்ணுயிர்கள். அப்படியும் கிடைக்கும் சக்தி குறைவு என்பதால் நாளில் 20 மணி நேரம் வரை தூங்கும். சோம்பேறி என்று சொல்லாதே, அது சிக்கனம்.

குட்டிக்கு அந்த நுண்ணுயிர்கள் எங்கிருந்து வரும்? ஆறு மாதம் பையில் பால் குடித்த பிறகு, தாய் தன் குடலிலிருந்து வரும் குழைவான கழிவை ஊட்டுகிறது. முகம் சுளிக்காதே. காய்ச்சிய பாலில் உன் அம்மா உறை மோர் ஊற்றுவதும் இதே வேலைதான்.

இனி லைக்கன். பிரியாணியில் போடும் கல்பாசி ஒரு லைக்கன். பெயர்தான் பாசி, உடம்பைக் கட்டுவது பூஞ்சை, உள்ளே வெயிலைக் கொண்டு உணவு சமைப்பது பாசி. 1860-களில் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இப்படிச் சொன்னபோது லைக்கன் அறிஞர்களே எதிர்த்தார்கள். மண்ணிலேயே வளரும் கிளாடோனியா என்ற லைக்கனை மலைப்பாதை ஓர மண்மேடுகளில் பார்க்கலாம். சாம்பல் பச்சையில் சின்னஞ்சிறு கிண்ணங்கள். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். காய்ந்தால் உறங்கும், ஈரம் பட்டால் விழிக்கும்.

பல கிண்ணங்களில் மாவு போலத் துகள் படிந்திருக்கும். ஒவ்வொரு துகளிலும் பூஞ்சை இழையும் பாசிச் செல்லும் பிரியாமல் இருக்கும். காற்றும் மழைத்துளியும் கொண்டுபோய்ப் போட்ட இடத்தில் புது லைக்கன். இதுவும் உறை மோர்தான்.

ஆனால் உறவின் ஆழம் ஒன்றல்ல. நோய்க்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததில் நுண்ணுயிர்கள் அழிந்து, இலை தின்றும் செரிக்காமல் கோலாக்கள் மெலிந்து இறந்திருக்கின்றன. அப்போதும் அது கோலாதான், பட்டினி கிடக்கும் கோலா. பாசியை எடுத்துவிட்டால் லைக்கன் என்ற ஒன்றே இல்லை. மிஞ்சுவது வெறும் பூஞ்சை இழை.

கொடைக்கானல் போனால் மண்மேட்டில் கால் வைக்கும் முன் குனிந்து பார். ஒரு மிதியில் நொறுங்குவது பல வருட வளர்ச்சி.