அறுத்தது வயிற்றில், சளி கட்டுவது ஏன் நெஞ்சில்?

பென்னாகரத்திலோ அரூரிலோ எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுக்கட்டியை எடுத்தாயிற்று. மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சுத்திணறல். கத்தி பட்டது வயிற்றில். நிமோனியா ஏன் வந்தது?

மேல்வயிற்று வெட்டு உதரவிதானத்தை ஒட்டியே விழுகிறது. மூச்சை இழுத்தால் தையல் வலிக்கும். அதனால் மேலோட்டமாகவே சுவாசிக்கிறார். நுரையீரலின் அடியில் காற்றுப்பைகள் சுருங்கிவிடுகின்றன. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களும் மயக்க மருந்தால் மந்தமாகியிருக்கும். வயதானால் இருமலின் வலுவும் குறைவு. தேங்கிய சளியில் கிருமி பெருகுகிறது. பல வருஷம் பீடி குடித்தவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

"எழுந்திருக்காதீங்கப்பா, தையல் பிரிஞ்சிடும்" என்று பிள்ளைகள் பாசத்தோடு படுக்க வைப்பதுதான் என் பெரிய கவலை. மருத்துவர் சொன்னதுமே உட்கார வையுங்கள், நடக்க வையுங்கள். தலையணையை வயிற்றோடு அணைத்து இருமினால் வலி குறையும். வலி மருந்தைத் தவிர்க்கவும் வேண்டாம். வலி அடங்கினால்தான் ஆழமாக மூச்சு வரும். மூச்சுப் பயிற்சிக்குத் தரும் மூன்று பந்துக் கருவியைப் பலர் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, மெதுவாக உறிஞ்சிப் பந்தை மேலே நிறுத்த வேண்டும். வாய்க் கிருமி நெஞ்சுக்குள் இறங்காதிருக்க, தினமும் பல் துலக்கிவிடுங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் மேல்வயிற்று அறுவை செய்துகொண்ட 441 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு முன்பே ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம், பிசியோதெரபிஸ்ட் மூச்சுப் பயிற்சி சொல்லித்தந்தார். பயிற்சி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது, பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சேலமோ, அடையாறோ, எங்கே அறுவைக்குத் தேதி கொடுத்தாலும் அன்றைக்கே இந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.