நகரும் அறையின் கூரை

அமெரிக்காவில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களில் ஒரு சாரார், வடக்கே பனிக்காலம் நெருங்கியதும் வீட்டைப் பூட்டிவிட்டு, சமையலறையும் படுக்கையும் குளியலறையும் அடங்கிய மோட்டார் வண்டியொன்றில் ஏறி, அரிஸோனா பாலைவனத்துக் குவார்ட்ஸைட் முதலான ஊர்களை அடைந்து, வசந்தம் வரும்வரை அவ்வண்டியிலேயே வாசம் செய்கிறார்கள். சாலையில் செல்லும் வண்டி 8.5 அடிக்கு மேல் அகலமாக இருக்கலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். அவ்வளவு குறுகிய இடத்தில் ஒரு தம்பதி மாதக்கணக்கில் காலம் தள்ளுவது எத்தகைய பிரேமையையும் சோதிக்கக்கூடியது. இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக, இந்தியானா மாகாணத்து நப்பனீ என்னும் சிற்றூரிலுள்ள நியூமார் கம்பெனியார் 1990-இல் கொண்டுவந்த யுக்திதான் ‘ஸ்லைடு-அவுட்’: வண்டியை நிறுத்திய பின் ஒரு பித்தானை அழுத்தினால், சுவரின் ஒரு பகுதி தன் தரையோடும் கூரையோடும், மேசையின் இழுப்பறையைப் போல வெளியே நீண்டு, கூடத்தை விசாலமாக்கிவிடும்.

சௌகரியம் பெரிதுதான், ஆனால் இரண்டு கூரைகளைப் பராமரிக்கும் பொறுப்பும் அதனுடனேயே வந்து சேர்ந்தது. வண்டியின் பிரதான கூரை அசையாதது. பலகையின்மேல் ஒட்டிய ரப்பர் விரிப்போ கண்ணாடியிழைத் தகடோ அதன் மேற்பரப்பாக இருக்கும். அதன்மீது வெள்ளை அக்ரிலிக் பூச்சைத் தாராளமாகப் பூசலாம். நடுப்பகல் வெயிலில் சாதாரணக் கரிய கூரை 65 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் காயும்போது, நல்ல வெண்பூச்சு பெற்ற கூரை அதைவிட 25 டிகிரிக்குக் குறையாமல் குளிர்ந்திருப்பதுண்டு. இதில் ஒரு நுட்பம் உண்டு. சூரிய கிரணங்களைத் திருப்பியனுப்புவது பாதி வேலை. உட்கொண்ட உஷ்ணத்தை ஆகாயத்துக்கு உமிழ்ந்துவிடுவது மறு பாதி. மெருகேற்றிய அலுமினியம் பளபளத்தாலும் இரண்டாவது குணம் அதற்கு மிகக் குறைவாதலால், வெயிலில் தொட்டால் கை சுடும். பளபளப்பற்ற வெள்ளையோ இரு வேலைகளையும் செய்கிறது. புழுதி படியப் படிய அதன் சக்தி குறையும் என்பதால், பூசியவர் அவ்வப்போது கழுவவும் வேண்டும்.

நகரும் அறையின் கூரையில் இந்தத் தாராளம் செல்லாது. அது உள்ளே போகும்போதெல்லாம், வண்டிச் சுவரில் பொருத்திய ரப்பர் பட்டை அதன் முதுகை வழித்துக்கொண்டே வருகிறது. அறை முழுவதும் வெளியே வந்தோ உள்ளே போயோ நிற்கும்போது, குழல்போன்ற மற்றொரு ரப்பர் நசுங்கி இடைவெளியை அடைக்கிறது. அதாவது, அங்கே ஜலத்தைத் தடுப்பது பசையன்று, அழுத்தம். இதை உணராதவர்கள் பூச்சைக் கனமாக அப்பி, அது முற்றும் உலர்வதற்குள் அறையை உள்ளே இழுத்து, ரப்பரையும் பூச்சையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பிய்த்துவிடுகிறார்கள். பயம் மிகுந்த சிலர் இடுக்கையே பசை கொண்டு அடைத்துவிட்டு, மறுநாள் பித்தானை அழுத்துகிறார்கள். விளைவை விவரிக்க வேண்டியதில்லை. பூசத்தான் வேண்டுமென்றால் மெல்லியதாக, சமமாகப் பூசி, நன்றாக உலரும்வரை பொறுமையோடு காத்திருக்க வேண்டும். ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் தடவினால் அது உப்பிக் கெடும். சோப்பு நீரும் அதற்கென்றே விற்கும் தைலமும் போதும்.

அக்கூரை பெரும்பாலும் தட்டையாதலால் மழைநீர் தேங்கும். அந்நிலையில் அறையை உள்ளிழுத்தால் நீரும் கூடவே கூடத்துக்குள் பிரவேசிக்கும். வண்டியை நிறுத்தும்போதே அந்தப் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கச் செய்வது அனுபவஸ்தர்களின் வழக்கம். மேலே சுருள்துணி விதானம் கட்டினால் ரப்பரைக் கிழிக்கும் சுள்ளிகளும் இலைகளும் விழாமல் தடுக்கலாம். பலத்த காற்றில் அது படபடத்துத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கசிவு பெரும்பாலும் கூரையின் நடுவில் நேர்வதில்லை. நெட்டுப் பட்டையும் கிடைப் பட்டையும் சந்திக்கும் மூலைகளில் தொடங்கி, சுவர் வழியே இறங்கி, தரைப்பலகையை மாதக்கணக்கில் யாருமறியாமல் ஊறவைக்கிறது. ஆகையால்தான் பழைய வண்டி வாங்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள், கூரையின் புதிய வெண்மையில் மயங்காமல், நகரும் அறையின் மூலைத் தரையைக் குதிகாலால் அழுத்திப் பார்த்த பிறகே விலை பேசுகிறார்கள்.